கை காட்டினால் நிற்கும்

தாடிக்கொம்பு ரோட்டில் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். மைதானத்தில் நிற்கிற அந்தப் பழைய நிலா வண்டிக்கு ஏன் படிக்கட்டு இல்லை? எதிரில் டீக்கடை வைத்திருக்கும் கிதர் முகம்மது ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார். இறங்கும்போது சிறுமலையில் இடித்துவிட்டது என்பார் ஒரு நாள். பழைய இரும்புக்காரன் கழற்றிக்கொண்டு போய்விட்டான் என்பார் இன்னொரு நாள். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டு டீயைக் குடித்துப் போகிறார்கள். எனக்குத்தான் எரிச்சலாக வரும். அன்றைக்கு டைம் ஆபீசில் உட்கார்ந்திருந்தவன் நான். கிதர் முகம்மது அப்போது வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டு வாசலில் பழம் விற்றுக்கொண்டிருந்தார்.

என் பெயர் மதியழகன். தாடிக்கொம்பு மைதானத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும், எது வந்தது, எது வரவில்லை என்று பார்த்துக்கொள்வது என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நிலாவுக்குத் தனியாரும் வண்டி விடலாம் என்று அனுமதி வந்தது. மற்ற ஊர்களில் பெரிய கம்பெனிகள் போட்டி போட்டன. திண்டுக்கல்லில் பஸ் முதலாளிகள் போட்டி போட்டார்கள். அதனால் எங்கள் ஊரில் அது கப்பல் என்றும் ஆகவில்லை, ராக்கெட் என்றும் ஆகவில்லை. வண்டிதான். ஓட்டுகிறவர் டிரைவர், டிக்கெட் கிழிக்கிறவர் கண்டக்டர். முதல் வண்டி கிளம்பிய அன்று, சக்கரமே இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று பெரிய தகராறு நடந்தது. கடைசியில் நாலு மூலைக்கும் நாலு வைத்தார்கள். எல்லாம் எரிந்து கரியாகிப் போனது. நல்ல சகுனம் என்று அதையும் சொல்லிக்கொண்டார்கள்.

நான் சொல்ல வந்த வண்டியின் பெயர் இஞ்ஞாசியம்மாள். முதலாளி ஆரோக்கியதாஸின் அம்மா பெயர் அது. அறுபது சீட்டு. நிற்கிறவர்கள் தனி. பாதி வழியில் எடை இல்லாமல் போய்விடும் என்பதால் நிற்கிறவர்கள் மிதப்பார்கள். அதற்கும் முழு டிக்கெட்தான். போகும்போது ஒட்டன்சத்திரத்துக் காய்கறியும் சிறுமலை வாழைப்பழமும் போகும். வரும்போது நிலாச் சுரங்கங்களில் வேலை பார்க்கிற நம்ம ஆட்கள் லீவில் வருவார்கள். வண்டியின் நெற்றியில், பெயருக்குக் கீழே, சிவப்புப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கும்: கை காட்டினால் நிற்கும்.

அது ஆரோக்கியதாஸ் நத்தம் ரூட்டில் பஸ் விட்ட காலத்து வாசகம். மற்றவர்களுடைய பஸ், ஸ்டாப்பில் மட்டும் நிற்கும். இவர் பஸ் புளியமரத்தடியில் நிற்கும், வாய்க்கால் பாலத்தில் நிற்கும், தோப்புக்கு நடுவிலிருந்து ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தால் அவருக்காகவும் நிற்கும். புண்ணியத்துக்காக ஒன்றும் இல்லை. கலெக்‌ஷனுக்காகத்தான். நிலா வண்டிக்கும் அதையே எழுதச் சொன்னார்.

"வானத்துல எவன் மொதலாளி கை காட்டப் போறான்?" என்று பெயிண்டர் கேட்டார்.

"நீ எழுதுப்பா. பாக்க லெச்சணமா இருக்கும்ல" என்றார் ஆரோக்கியதாஸ்.

ஆனால் வானத்திலும் கை காட்டத்தான் செய்தார்கள். எஞ்சின் நின்றுபோன சரக்கு வண்டிக்காரன், ரிப்பேர் பார்க்க வந்து கயிறு அறுந்து மிதக்கிறவன் என்று யாராவது டார்ச் அடிப்பார்கள். மற்ற வண்டிகள் தகவலை மட்டும் சொல்லிவிட்டுப் போகும். இஞ்ஞாசியம்மாள் நின்று ஏற்றிக்கொள்ளும். அதற்குக் காரணம் கண்டக்டர் ஸ்டீபன்ராஜ். முதலாளி பார்க்க லட்சணமாக இருக்கும் என்று எழுதியதை அவன் பைபிள் வசனம் மாதிரி எடுத்துக்கொண்டான். வாயில் எப்போதும் விசில் இருக்கும். ஒரு விசில் அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ. வண்டிக்கு வெளியே போகும்போது மாட்டுகிற கண்ணாடித் தலைக்கவசத்துக்குள்ளேயும் விசிலைக் கடித்துக்கொண்டுதான் நிற்பான். டிரைவர் காத்தமுத்துவின் காதில் ரேடியோ வழியாக அது விழும். "காது சவ்வு கிழிஞ்சிரும்டா" என்று அவர் திட்டாத நாளில்லை.

ஸ்டீபன்ராஜின் மனைவி ஷைனி எங்கள் ஆபீசில்தான் வேலை பார்த்தாள். மைக்கில் அறிவிப்பு சொல்வதும், மேலே இருக்கிற வண்டிகளோடு ரேடியோவில் பேசுவதும், இறங்கி வருகிறவர்களிடம் கேட்டில் டிக்கெட் பார்ப்பதும் அவள்தான். புருஷன் மேலே, பெண்டாட்டி கீழே. "நல்ல வேளை, நடுவுல நிலாவ வச்சிருக்காரு கர்த்தர். பக்கத்துல இருந்தா தெனம் சண்டைதான்" என்பாள். அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது அந்தக் கடைசி டிரிப்புக்கு முன்னால்.

அப்போது யுத்தம் தொடங்கியிருந்தது. 2002-ஆம் வருஷம். நிலாவின் இந்தப் பக்கத்துக்காரர்களும் அந்தப் பக்கத்துக்காரர்களும் தரைக்கடியில் இருக்கிற பனிக்கட்டிக்காக அடித்துக்கொண்டார்கள். தண்ணீர்ச் சண்டை. திண்டுக்கல்காரனுக்கு அதை விளக்கிச் சொல்லவே வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் நம்ம ஆட்களுக்கு வேலை கொடுத்தவர்கள்தான். அதனால் நாங்கள் யார் பக்கமும் இல்லை. எங்கள் வண்டிகளுக்குச் சுற்றிலும் வெள்ளைப் பட்டை அடித்துக் கொடுத்தார்கள். வெள்ளைப் பட்டை வண்டியை இரண்டு பக்கத்துக்காரர்களும் சுடக்கூடாது. நிபந்தனை ஒன்றுதான். எந்தப் பக்கத்துச் சிப்பாயையும் வண்டியில் ஏற்றக்கூடாது. ஏற்றினால் அது சண்டை வண்டி. சுடலாம்.

மற்ற முதலாளிகள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். மேலே இன்னும் நம்ம ஜனம் சிக்கிக்கொண்டிருந்தது. ஆரோக்கியதாஸ் இன்னும் ஒரு டிரிப் போய் அள்ளிக்கொண்டு வந்துவிடலாம் என்றார். காத்தமுத்து சரி என்றார். ஸ்டீபன்ராஜ் ஏற்கெனவே பையை மாட்டியிருந்தான்.

"வேற ஆளே இல்லையா? நீங்க போகாட்டி வண்டி கெளம்பாதா?" என்றாள் ஷைனி. நான் ஒருவன் அங்கே உட்கார்ந்திருப்பதை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

"கண்டக்டர் இல்லாம வண்டி எப்பிடி ஷைனி கெளம்பும்?"

"எனக்கு அதெல்லாம் தெரியாது. வண்டி வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நீங்க வரணும்."

"வண்டி வராம நான் எப்பிடி வருவேன்? நடந்தா?" என்று சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கிளம்புகிற அறிவிப்பைச் சொல்லும்போது மைக்கை அவன் தலை மாதிரி நினைத்துத் தட்டினாள். மைதானமே அதிர்ந்தது.

போனதில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஏற்றியதிலும் இல்லை. அறுபது சீட்டும் நிறைந்து மேலே மிதக்கிற கூட்டமும் சேர்ந்து வண்டி திரும்பியது. பூமிக்குப் பாதி வழி வந்தாயிற்று என்று செய்தி வந்ததும், ஷைனி எனக்கும் சேர்த்து டீ வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் யாருக்கும் டீ வாங்கித் தருகிறவள் இல்லை.

டீ ஆறுவதற்குள் ரேடியோவில் ஸ்டீபன்ராஜ் குரல் வந்தது. "ஷைனி, வண்டி நிக்கிது. செத்த நேரம் லேட்டாகும்."

"ஏன்?"

"ஆளு கை காட்டுறாக."

உடைந்துபோன ஒரு சின்னக் கலம். அதன் முதுகில் ஆறு பேர் கயிற்றைக் கட்டிக்கொண்டு தொங்கினார்கள். ஒருவன் டார்ச் அடித்தான், மற்றவர்கள் கையை ஆட்டினார்கள். அந்தப் பக்கத்துச் சிப்பாய்கள். உடுப்பிலேயே தெரிந்தது. காத்தமுத்து வண்டியை மெதுவாக்கிவிட்டு, "என்னடா செய்ய?" என்று கேட்டிருக்கிறார். ஸ்டீபன்ராஜ் ஒரு விசில் அடித்தான். அவ்வளவுதான் நடந்தது. பெரிய யோசனை, விவாதம் எதுவும் இல்லை என்று காத்தமுத்து பிறகு சத்தியம் செய்தார்.

ஏற்றும்போது ஒரு கண்டிப்பு மட்டும் காட்டினான். மீன் கூடையும் துப்பாக்கியும் வண்டியில் ஏற்றுவதில்லை என்று சொல்லி, துப்பாக்கிகளை வெளியிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னான். விட்டுவிட்டு வந்தார்கள். யுத்தத்துக்கு முன்னால் சுரங்கத்தில் நம்ம ஆட்களோடு வேலை பார்த்தவர்கள் என்பதால் தமிழ் அரைகுறையாகப் புரிந்தது. ஆறு டிக்கெட் கிழித்துக் கொடுத்தான். "பத்திரமா வச்சுக்கங்க. எறங்குற எடத்துல செக்கிங் இருக்கும், என் வீட்டுக்காரி விடமாட்டா" என்றும் சொல்லியிருக்கிறான்.

இந்தப் பக்கத்துப் போர்க்கப்பல் ஒன்று இதை எங்கிருந்தோ பார்த்துவிட்டது. இஞ்ஞாசியம்மாளுக்குப் பின்னால் வந்தது. பூமியின் காற்று தொடங்குகிற இடம்தான் எல்லை. அதைத் தாண்டிவிட்டால் யாரும் யாரையும் சுடக்கூடாது. எல்லைக்கு வருவதற்குள் அந்த ஆறு பேரையும் வெளியே தள்ளிவிட வேண்டும், இல்லையென்றால் சுடுவோம் என்று அந்தக் கப்பலின் அதிகாரி ரேடியோவில் சொன்னார். எங்கள் ஆபீசுக்கும் சேர்த்துத்தான் சொன்னார். கெட்டவர் மாதிரி பேசவில்லை. இந்த ஆறு பேர் பிழைத்தால் நாளைக்குத் திரும்பி வந்து தங்கள் ஆட்களைக் கொல்வார்கள் என்று நிதானமாக விளக்கினார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். நியாயம் இல்லாதவன் யுத்தத்துக்கு எதற்கு வருகிறான்?

அதற்குள் ஆரோக்கியதாஸ் ஆபீசுக்கு ஓடி வந்துவிட்டார். வேட்டி அவிழ்வது தெரியாமல் மைக்கைப் பிடுங்கினார். "எலேய் ஸ்டீபன், எறக்கி விட்டுருடா. மொதலாளி நான் சொல்றேன். எறக்கி விட்டுட்டு வாங்கடா."

"எங்கண்ணே எறக்குறது? இங்க ஸ்டாப்பா இருக்கு?"

"விளையாடாதடா. அம்புட்டு ஜனமும் செத்துப் போகும்டா."

"நெத்தியில எழுதிட்டு எப்பிடிண்ணே எறக்குறது?" என்றான் ஸ்டீபன்ராஜ். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்கிறவன் மாதிரி கேட்டான். ஆரோக்கியதாஸ் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் ரேடியோ பேச்சை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி, கண்டக்டரின் மனைவி அங்கே இருந்தால் பேசச் சொல்லுங்கள் என்றார். ஷைனி ஏற்கெனவே மைக்குக்கு வந்திருந்தாள்.

"ஏங்க," என்றாள். "அவுகளத் தள்ளி விட்ருங்க."

மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் பாவி ஆயிட்டுப் போறேன். ஃபாதர்ட்ட நான் சொல்லிக்கிறேன். உங்களுக்கு ஒண்ணும் வேணாம். என்னைய நெனச்சுக்கங்க. அவுக யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்கு நீங்க வரணும்."

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒருத்தி தன் புருஷனைக் கேட்பதை வேடிக்கை பார்க்கிற அளவுக்கு நான் கல்மனசுக்காரன் இல்லை. அவள் கேட்டது தப்பு என்று பிற்பாடு ஊரில் சிலர் பேசினார்கள். அவர்கள் யாரும் அந்த மைக்கின் முன்னால் உட்கார்ந்தவர்கள் இல்லை.

"ஷைனி," என்றான் அவன். "டிக்கெட் கிழிச்சாச்சும்மா." பிறகு, "இரு, பின்னால வர்றவன நான் நிறுத்திப் பாக்குறேன்" என்றான்.

எப்படி நிறுத்தப் போகிறான் என்று எங்களுக்குப் புரியவில்லை. காத்தமுத்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஸ்டீபன்ராஜ் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்கதவைச் சாத்தினான். வெளிக்கதவைத் திறந்து படிக்கட்டில் இறங்கி நின்றான். நத்தம் ரூட்டில் கண்டக்டர்கள் நிற்பார்களே, அதே மாதிரி, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பாதி வெளியே விட்டு. பின்னால் வருகிற போர்க்கப்பலைப் பார்த்து வலது கையைத் தூக்கினான். நில்லு என்று.

இதைக் கேட்டுவிட்டு மதுரையிலிருந்து வந்த ஒரு பத்திரிகைக்காரர் என்னிடம், அவருக்கு மூளை பிசகிவிட்டதா என்று கேட்டார். அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? கை காட்டினால் நிற்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் அவன். அப்பா பஸ்ஸில் வேலை பார்த்தார், மாமா பஸ்ஸில் வேலை பார்த்தார். கையைத் தூக்கினால் நிற்காத வண்டி ஒன்று உலகத்தில் இருக்கும் என்பது அவன் மண்டையில் ஏறவே இல்லை. இப்படி ஒரு தப்பை எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் செய்திருக்க மாட்டான்.

எங்களுக்கு ரேடியோவில் கேட்டதெல்லாம் விசில் சத்தம்தான். இரண்டு விசில். தூக்கிய கை அந்தக் கப்பலுக்கு நில், விசில் காத்தமுத்துவுக்குப் போ. காத்தமுத்து வண்டியை முழு வேகத்தில் எல்லையைப் பார்த்து விட்டார். அதற்கப்புறம் ரேடியோவில் இரைச்சல். இரைச்சலுக்கு அப்புறம் காத்தமுத்துவின் குரல், "ஸ்டீபா, ஸ்டீபா" என்று. அதற்குப் பதில் வரவில்லை.

ஷைனி மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போன டீ பக்கத்திலேயே இருந்தது. ஆரோக்கியதாஸ் செபமாலையை எடுத்தார், ஒரு மணியையும் நகர்த்த முடியாமல் கையில் வைத்திருந்தார். கடைசியில் சிறுமலைக்கு மேலே வண்டி தெரிந்தது.

இஞ்ஞாசியம்மாள் வழக்கம்போல் கோட்டைப் பாறையைச் சுற்றித் திரும்பி, வழக்கமான இடத்தில் இறங்கியது. வெள்ளைப் பட்டை கரிந்திருந்தது. முன்பக்கத்தில் படிக்கட்டு இருந்த இடத்தில் படிக்கட்டு இல்லை. பிய்ந்த தகடுதான் இருந்தது. உள்கதவு சாத்தியபடியே இருந்ததால் உள்ளே ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இறங்க வழி இல்லாமல், பின்னால் சாமான் ஏற்றுகிற கதவைத் திறந்து, பக்கத்துத் தோட்டத்திலிருந்து மூங்கில் ஏணி வாங்கி வந்து சாத்தினோம்.

முதலில் இறங்கியது காத்தமுத்து. நேராக என்னிடம் வந்தார். ஷைனியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை.

"நிக்கத்தான்யா செஞ்சான்," என்றார். "ஸ்டீபன் கையத் தூக்கவும் அந்தக் கப்பல் நின்டுச்சுய்யா. நான் கண்ணாடியில பாத்தேன். நின்டதுலதான் நாங்க எல்லைய ஒட்டி வந்தம். செத்த நேரம் நின்டான். நின்டுட்டுத்தான் சுட்டான்."

சுட்டது படிக்கட்டில் மட்டும் பட்டது. மறுபடி சுடுவதற்குள் வண்டி எல்லையைத் தாண்டிவிட்டது.

வண்டி வந்தால் அறிவிப்பு சொல்ல வேண்டும். நான் சொல்கிறேன் என்று மைக்குக்குக் கையை நீட்டினேன். ஷைனி என் கையைத் தட்டிவிட்டாள். "நிலாவிலிருந்து வந்த இஞ்ஞாசியம்மாள் வண்டி மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. வரவேற்க வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நிற்கவும்" என்று தினமும் சொல்கிற அதே குரலில் சொன்னாள். பிறகு எழுந்து கேட்டுக்குப் போனாள். ஊர் ஜனம் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். டிக்கெட்டை நீட்டினார்கள், அவள் பார்த்தாள், அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். ஒரு பெண் அவள் கையைப் பிடித்து அழப் பார்த்தாள். ஷைனி "போங்க, பின்னால ஆளு நிக்கிது" என்றாள்.

கடைசியாக அந்த ஆறு பேரும் இறங்கினார்கள். சிப்பாய்கள் வருகிறார்கள் என்று தகவல் போயிருந்ததால் திண்டுக்கல்லிலிருந்து போலீஸ் லாரியில் வந்திருந்தது. துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, கையைத் தூக்கு என்று கத்தினார்கள். கையைத் தூக்கிக்கொண்டு மூங்கில் ஏணியில் எப்படி இறங்குவது என்று இன்ஸ்பெக்டர் யோசிக்கவில்லை. அவர்கள் தட்டுத் தடுமாறி இறங்கி, தரையில் கால் பட்டதும் கையைத் தூக்கினார்கள். அப்படியே வரிசையாகக் கேட்டுக்கு வந்தார்கள்.

ஷைனி கேட்டில் நிமிர்ந்து நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. இவர்களைத் தள்ளி விடுங்கள் என்று கெஞ்சியவள் அவள். அவள் புருஷன் வராமல் இவர்கள் வந்திருக்கிறார்கள். அவள் அறைவாள், காறித் துப்புவாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று நினைத்தேன். செய்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

அவள் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள். தூக்கிய கைகள். சுரங்க வேலையில் நகமெல்லாம் கறுத்துப்போன கைகள். ஒவ்வொருவர் விரலிடுக்கிலும் ஒரு டிக்கெட் இருந்தது. செக்கிங் இருக்கும் என்று அவன் சொன்னதைக் கேட்டு, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டீபன்ராஜ் டிக்கெட்டை எப்போதும் கட்டை விரல் நகத்தால் கோணலாகத்தான் கிழிப்பான். ஆறும் கோணலாக இருந்தன.

"டேய், கை எறங்குச்சு, சுட்ருவோம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஷைனி போலீசுக்கும் அவர்களுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"கையக் கீழ போடுங்க," என்றாள் அந்த ஆறு பேரிடம். "வண்டி நின்னுருச்சு."

அவர்கள் கையைக் கீழே போட்டார்கள். யாரும் சுடவில்லை. அதற்கப்புறம்தான் ஷைனி அழுதாள்.